‘நிறுவனத்தின் பெயர்’ என்ற கட்டத்தில் நான் என்ன எழுத? விதை ஒப்பந்த ஆளுமைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

உணவுக்கும் வேளாண்மைக்குமான தாவர மரபு வளங்கள் பற்றிய சர்வதேச ஒப்பந்தத்தின் ஆளுமைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஒப்பந்தத்தின் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க எனக்கே கொஞ்சம் பழக்கம் தேவைப்பட்டது. அதனால் இனி ‘விதை ஒப்பந்தம்’ என்றே எழுதுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் விஞ்ஞானி இல்லை, எந்த அமைப்பிலும் பொறுப்பில் இல்லை. கொஞ்சம் நிலம், அதில் பயிர், கைக்குக் கிடைத்த பழைய ரகங்களை விட்டுவிடாமல் வருடா வருடம் விதைத்து எடுக்கும் ஒரு பிடிவாதம், அவ்வளவுதான். சில வருடங்களுக்கு முன்னால் அந்த ரகங்களில் ஒன்றைத் தொலைத்துவிட்டேன். வெள்ளமும் வரவில்லை, பூச்சியும் விழவில்லை. சரியாகக் காயாத விதையை அவசரத்தில் மூடி வைத்தேன், முழுக்க என் தப்பு. விதைப்புக்கு முன் வழக்கம்போல நூறு விதையை எண்ணி ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். நான்காம் நாள் பிரித்துப் பார்த்தால் துணியில் புளித்த வாடை, தொட்டாலே நசுங்கும் விதைகள், நடுவில் மூன்றே மூன்று முளை. அந்த மூன்றையும் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்தேன், ஒரு வாரத்தில் அழுகிப் போயின. தெரிந்தவர்கள் எல்லோரிடமும் கேட்டேன். “அதையா? அதை விட்டு எத்தனையோ வருஷம் ஆச்சே” என்பதுதான் எல்லோருடைய பதிலும்.

அப்புறம் தேடியதில் அதே ரகம் ஒரு மரபணு வங்கியில், சேகரிப்பு எண்ணோடு, சேகரித்த ஆண்டோடு பத்திரமாக இருப்பது தெரிந்தது. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. விண்ணப்பம் போட்டேன். அதில் ‘நிறுவனத்தின் பெயர்’ என்று ஒரு கட்டம், ‘ஆராய்ச்சியின் நோக்கம்’ என்று இன்னொரு கட்டம். முதல் கட்டத்தை வெறுமையாக விட்டேன். இரண்டாவதில் ‘விதைக்க’ என்று எழுதினேன். விண்ணப்பம் முழுமையாக இல்லை என்று திரும்பி வந்துவிட்டது.

அந்த வங்கியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பதில் எழுதினார், அவர் கையில் இருந்த விதி அப்படி. எந்த விதி என்று தேடிப் போனதில்தான் உங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தேன். 2001 நவம்பரில் ஏற்கப்பட்டு 2004 ஜூனில் நடைமுறைக்கு வந்த உங்கள் ஒப்பந்தத்தின் 12ஆவது பிரிவு, பலதரப்பு அமைப்பில் (நாடுகள் பொதுவில் பகிர்ந்துகொள்ள ஒப்புக்கொண்ட தொகுப்பில்) உள்ள விதையை ஆராய்ச்சிக்கும், பயிர் மேம்பாட்டுக்கும், பயிற்சிக்கும் பயன்படுத்தவும் பாதுகாக்கவும் தரலாம் என்கிறது. விதைத்து, அறுத்து, தின்று, மிச்சத்தை அடுத்த பருவத்துக்கு எடுத்து வைப்பது இந்த மூன்றில் எதில் சேரும்? சில வங்கிகள் நல்ல மனதோடு விவசாயிகளுக்கும் அனுப்புகின்றன, அது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு நல்ல மனிதர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால்தான் விதை கிடைக்கும் என்றால், அதற்கு ஒப்பந்தம் எதற்கு?

என் ஒரு ரகத்துக்காக இவ்வளவு நீளமாக எழுதுகிறேனா என்று கேட்பீர்கள். இல்லை. அந்தக் கட்டம் எனக்கு ஒன்றைப் புரியவைத்தது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்: உங்கள் ஏற்பாட்டில் விதைக்கு இடம் இருக்கிறது, விதையை வைத்திருப்பவருக்கு இடம் இல்லை.

ஒரு பழைய கதை. உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் இதை எல்லோரும் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். 1948இல் ஜாக் ஹார்லன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் துருக்கியின் கிழக்குப் பகுதியில் ஒரு கோதுமையைச் சேகரித்தார். பார்க்கச் சகிக்காத கோதுமை அது. உயரம், தாள் மெலிசு, காற்றடித்தால் சாய்ந்துவிடும், இலைத்துரு தாக்கும், குளிர் தாங்காது, ரொட்டிக்கும் லாயக்கில்லை. எண் போட்டு உள்ளே வைத்தார்கள், பதினைந்து வருடம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1960களில் அமெரிக்காவின் வடமேற்கில் மஞ்சள் துரு நோய் கோதுமையைச் சூறையாடியபோது, சேகரிப்பில் இருந்தவற்றைச் சோதித்துப் பார்த்தார்கள். இந்தச் சவலைக் கோதுமை மஞ்சள் துருவின் நான்கு இனங்களைத் தாங்கியது, கரிப்பூட்டையின் பல இனங்களைத் தாங்கியது, போதாக்குறைக்குப் பனிப்பூஞ்சணத்தையும் ஓரளவு தாங்கியது. அந்த வட்டாரத்தில் அதற்குப் பின் வந்த கோதுமை ரகங்கள் பலவற்றில் அதன் ரத்தம் ஓடுகிறது.

இதுவரைக்கும்தான் எல்லோரும் சொல்வார்கள், மரபணு வங்கியின் பெருமை என்று. மீதிக் கதை என்னவென்றால், ரொட்டிக்கே ஆகாத அந்தக் கோதுமையை 1948 வரைக்கும் யாரோ விதைத்துக்கொண்டே இருந்தார்கள் இல்லையா? அவருக்கு ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கும், நோய் வந்த வருடத்தில் அது ஒன்றுதான் நின்றிருக்கலாம். ஹார்லன் பெயர் இருக்கிறது, சேகரிப்பு எண் இருக்கிறது, 178383. விதை கொடுத்தவரின் பெயர் அந்தக் கதையில் எங்குமே வருவதில்லை.

நெல்லிலும் இதே கதைதான். இரண்டு வாரம் வரை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தாலும் பிழைத்து எழும் குணம், ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ என்ற ரகத்திலிருந்து வந்தது. அந்தக் குணத்தைத் தரும் மரபணுவை 2006இல் அடையாளம் கண்டார்கள், 2009 முதல் அது சேர்த்த ரகங்கள் இந்தியாவில் வயலுக்கு வந்தன. குட்டைப் புல் வைரஸ் நெல்லைத் தாக்கியபோது, பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்து, கடைசியில் உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரு காட்டு நெல்லில்தான் எதிர்ப்பைக் கண்டது. ஆறாயிரத்தில் ஒன்று! அந்த ஒன்று யாருடைய வரப்போரத்தில் களை என்று பிடுங்கப்படாமல் தப்பித்ததோ.

மரபணு வங்கிகளைக் குறை சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும். இரண்டாம் உலகப் போரின் லெனின்கிராட் முற்றுகையில், சோவியத் தாவரவியலாளர் வவிலோவின் விதைச் சேகரிப்பு நிலையத்து ஆட்கள், சுற்றிலும் அரிசியும் கடலையும் உருளைக்கிழங்கும் இருக்க, அதில் கைவைக்காமல் பட்டினியில் செத்தார்கள். வவிலோவ் அப்போது சிறையில் இருந்தார், 1943 ஜனவரியில் சரதோவ் சிறையிலேயே இறந்தும் போனார். இதைப் படித்த பிறகு விதை வங்கியைப் பற்றி அலட்சியமாகப் பேச வாய் வருமா? நம் காலத்திலேயே, சிரியாவில் அலெப்போவுக்குப் பக்கத்தில் இருந்த, இக்கார்டா என்ற வறண்ட நில வேளாண் ஆராய்ச்சி மையத்தின் வங்கி போரில் மாட்டிக்கொண்டபோது, வட துருவத்துக்கு அருகில் ஸ்வால்பார்டில் வைத்திருந்த தன் நகல் விதைகளை 2015இல் திருப்பி எடுத்து லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கியது. ஸ்வால்பார்டு பெட்டகம் 2008இல் திறந்தது, அதிலிருந்து விதை வெளியே வந்தது அதுதான் முதல் முறை. அது இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஆனால் மைனஸ் பதினெட்டு டிகிரியில் வைத்த விதை, வைத்த அன்றைக்குக் குணத்தில் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கும். வெளியே நோய் மாறுகிறது, மழை தள்ளிப் போகிறது, ராத்திரிச் சூடு ஏறுகிறது. உள்ளே இருக்கும் விதைக்கு இது எதுவும் தெரியாது. வயலில் இருக்கும் விதை வருடா வருடம் இதையெல்லாம் வாங்கிக்கொண்டு, தாங்காதது செத்து, தாங்கியது கதிர் விட்டு, அதிலிருந்து ஒருவர் பார்த்துப் பொறுக்கி எடுத்து, அடுத்த வருடத்துக்குப் போகிறது. அப்படிப் பொறுக்குவதை நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? அறுவடைக்கு முன்னால் வயலுக்குள் இறங்குவார்கள். வரப்போரம் தொடமாட்டார்கள், அங்கே வெயிலும் உரமும் அதிகம், நன்றாக வளர்ந்ததில் ஆச்சரியம் இல்லை, பக்கத்து வயல் மகரந்தம் வேறு கலந்திருக்கும். நடுவே போய், கூட்டத்துக்குள் நின்றும் தலை நிமிர்ந்திருக்கும் செடியைத் தேடுவார்கள். கதிரை மட்டும் பார்க்க மாட்டார்கள், குனிந்து தூரைப் பார்ப்பார்கள், தாளை விரலால் அழுத்துவார்கள், அடி இலை காய்ந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். பத்து நிமிடத்தில் கை நிறையக் கதிர் சேர்ந்துவிடும். ஏன் இதை எடுத்தீர்கள், அதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் பாதிக்குத்தான் பதில் வரும், மீதி கைக்குத் தெரிந்த விஷயம். இந்தக் கையை எந்தப் பெட்டகத்தில் வைப்பீர்கள்?

அப்புறம் எல்லா விதையும் பெட்டகத்துக்குள் போகவும் போகாது. தேங்காய், மா, பலா, கோகோ எல்லாம் உலர்த்தி உறைய வைத்தால் செத்துவிடும். வாழை, மரவள்ளி, சேனை எல்லாம் கிழங்காலோ கன்றாலோ தண்டுக் குச்சியாலோ வாழ்கின்றன. இவற்றுக்குச் சோதனைக் குழாயும் திரவ நைட்ரஜனும் வேண்டும், இல்லையென்றால் தோட்டமும் ஆளும் வேண்டும்.

எண்ணிக்கை சொல்லிப் பயமுறுத்த எனக்கு விருப்பம் இல்லை. ‘நூறாண்டில் 75 சதவீதப் பயிர் வகைகள் அழிந்துவிட்டன’ என்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்கள். எதை வைத்து எண்ணினார்கள் என்று கேட்டால் உறுதியான அடிப்படை கிடையாது, நம் பக்கத்து ஆட்கள் அதைச் சொல்வதை நிறுத்துவது நல்லது. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பான எஃப்.ஏ.ஓ. 2019இல் வெளியிட்ட அறிக்கையில் இருக்கும் கணக்கே போதும்: உணவுக்காகப் பயிரிட்டவை சுமார் 6,000 தாவர இனங்கள், அவற்றில் குறிப்பிடத்தக்க அளவில் விளைபவை 200க்கும் குறைவு, மொத்த விளைச்சலில் 66 சதவீதம் வெறும் ஒன்பது பயிர்கள். அந்த ஒன்பதிலும் கரும்பும் சர்க்கரை எடுக்கும் பீட்ரூட்டும் எண்ணெய்ப் பனையும் இருக்கின்றன, வயிறு நிறைக்க மிச்சம் எத்தனை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் ஒரே ரகத்தைப் போட்டால் என்ன ஆகும் என்பது 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கில் தெரிந்தது, அடுத்த சில வருடங்களில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் செத்தார்கள். 1970இல் அமெரிக்க மக்காச்சோளத்தில் திரும்பவும் தெரிந்தது. பெரும்பாலான கலப்பின விதையில் ஒரே வகை ஆண் மலட்டுத்தன்மையை, அதாவது மகரந்தம் விடாத குணத்தை, புகுத்தியிருந்தார்கள், அதையே குறிவைத்து ஒரு பூஞ்சணம் வந்து அந்த வருடத்தின் விளைச்சலில் சுமார் 15 சதவீதத்தைக் கொண்டுபோனது. இந்த இரண்டையும் எல்லா மேடையிலும் சொல்லிவிட்டார்கள், நான் நீட்டவில்லை.

நான் நீட்ட நினைப்பது வேறு. ‘விவசாயிகளுக்கு விழிப்புணர்வு இல்லை, அதனால் பழைய ரகங்களை விட்டுவிட்டார்கள்’ என்று கூட்டங்களில் பேசுகிறார்களே, அது. ஐயா, அம்மா, விட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். அரைவை இயந்திரம் ஒரே நீள தானியத்துக்கு அளவு வைத்திருக்கும், குட்டைத் தானியம் போட்டால் பாதி நொறுங்கும். வாங்குபவர் ஒரே நிறம் கேட்பார். கடன் கொடுப்பவர் சான்று பெற்ற விதையின் ரசீது கேட்பார், காப்பீடும் அந்த ரசீதைத்தான் கேட்கும். வீட்டில் பிள்ளை படிக்கிறது. இந்த நிலைமையில் மூன்று வகையைத் தனித்தனியாக விதைத்து, தனித்தனியாக அறுத்து, தனித்தனியாகக் காய வைக்கச் சொன்னால் யார் செய்வார்கள்? நானே சில வருடம் செய்யவில்லை. அதிகம் விளையும் புது ரகத்தைப் போட்டதில் எனக்கு வெட்கமும் இல்லை, அந்தப் பணத்தில்தான் கிணறு தூர் வாரினேன்.

ஒரு பயிரைக் காப்பாற்ற எது வேண்டும் என்பது சில நேரம் நாம் நினைத்தே பார்க்காத இடத்தில் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஃபோனியோ என்று ஒரு தானியம், மணல் போலப் பொடியானது. ஏழை மண்ணில் விளையும், சில வகைகள் எட்டே வாரத்தில் அறுவடைக்கு வந்துவிடும், பஞ்ச காலத்தில் உயிரைப் பிடித்து வைக்கும். ஆனால் உமி நீக்குவது நரகம். பெண்கள் மணலைக் கலந்து உரலில் மணிக்கணக்காகக் குத்தி, பிறகு அந்த மணலை அரித்துப் பிரிக்க வேண்டும். செனகலின் சனூசி தியாகிதே என்ற பொறியாளர் அதற்கு உமி நீக்கும் இயந்திரம் செய்தார், 1996இல் ரோலக்ஸ் விருதும் கிடைத்தது. பத்து விழிப்புணர்வு முகாமைவிட அந்த இயந்திரம் பெரிய பாதுகாப்பு வேலை என்பேன். குத்தும் பெண்ணின் தோள்வலியைப் பற்றி யோசிக்காத பாதுகாப்புத் திட்டம் எதுவும் அவளிடம் பலிக்காது.

பல வகை பயிரிடுவது தியாகம் என்ற நினைப்பும் போக வேண்டும். சீனாவின் யுன்னானில் 1998, 1999 ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான விவசாயிகள், குலை நோய்க்குச் சட்டென்று விழும் பழைய பசைநெல்லை, நோய் தாங்கும் கலப்பின நெல்லின் வரிசைகளுக்கு இடையே ஒரு வரிசையாக நட்டார்கள். தனியாக நட்டதோடு ஒப்பிட்டால் பசைநெல்லில் நோய் 94 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 89 சதவீதம் கூடியது. முடிவில் பூஞ்சணக்கொல்லி தெளிப்பதையே நிறுத்திவிட்டார்கள். புது ரகமா பழைய ரகமா என்று இங்கே நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம், அவர்கள் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் நட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

சரி, உங்களிடம் கேட்க வேண்டியதற்கு வருகிறேன்.

உங்கள் ஒப்பந்தத்தின் 9ஆவது பிரிவு விவசாயிகளின் உரிமை பற்றியது. எல்லா நாட்டு விவசாயிகளும் பயிர் வளத்தைக் காத்து வளர்த்ததற்கு நன்றியோடு தொடங்குகிறது. படிக்கும்போது மனசு நிறைகிறது. ஆனால் விதையைச் சேமிக்கவும், பயன்படுத்தவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் உள்ள உரிமை என்று வரும் இடத்தில் ‘உள்நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டு’ என்று ஒரு வால். உள்நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? ஏராளமான நாடுகளில், விற்கும் விதை பதிவான ரகமாக இருக்க வேண்டும், பதிவாக வேண்டுமென்றால் மற்றவற்றிலிருந்து வேறுபட்டு, எல்லாச் செடியும் ஒரே மாதிரியாக, தலைமுறை தோறும் மாறாமல் இருக்க வேண்டும். நாட்டு ரகத்தின் பலமே எல்லாச் செடியும் ஒரே மாதிரி இல்லாததுதான்! ஒரே வயலில் நான்கு நாள் முந்தியும் பிந்தியும் பூப்பதால்தான் ஒரு மழையில் எல்லாப் பூவும் கொட்டுவதில்லை. இதைக் குற்றம் என்று எழுதி வைத்திருக்கும் சட்டத்துக்கு உட்பட்டு எனக்கு என்ன உரிமை மிஞ்சும்? புது ரகங்களை உருவாக்கியவரின் உரிமையைக் காக்கும் யுபோவ் என்ற சர்வதேச ஒன்றியத்தின் 1991 விதிகளோ, பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையைத் தன் நிலத்திலேயே மறுபடி விதைப்பதைக்கூட நாடுகள் விரும்பினால் தரக்கூடிய விலக்காக ஆக்கிவிட்டன.

மாற்ற முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். சீரான ரகம் என்பதில் மிகக் கறாராக இருந்த ஐரோப்பிய ஒன்றியம், 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த தன் இயற்கை வேளாண் விதிகளில், ஒரே மாதிரி இல்லாத கலப்பு விதையையும் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு விற்கலாம் என்று வழி திறந்திருக்கிறது. ஐ.நா. பொதுச்சபை 2018 டிசம்பரில் ஏற்ற கிராமப்புற உழைப்பாளர் உரிமைப் பிரகடனத்தின் 19ஆவது பிரிவு விதைக்கான உரிமையை நேரடியாகவே சொல்கிறது. உங்கள் கூட்டத்தில் கைதூக்கும் ஒவ்வொருவரும் ஒரு நாட்டின் ஆள்தானே, ஊர் திரும்பியதும் உங்கள் விதைச் சட்டத்தில் சிறு அளவு நாட்டு விதையைக் கொடுப்பதும் வாங்குவதும் விற்பதும் குற்றம் ஆகாது என்று ஒரு வரி சேர்க்க வையுங்கள்.

அடுத்து பணம். பலதரப்பு அமைப்பிலிருந்து எடுத்த விதையால் லாபம் பார்ப்பவர் ஒரு பங்கு கட்ட வேண்டும் என்று வைத்தீர்கள், அந்த ஏற்பாட்டில் எத்தனை சந்து இருக்கிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை அடைப்பது உங்கள் பாடு. வரும் பணம் யார் கைக்குப் போகிறது என்பதுதான் என் கேள்வி. பொலிவியாவிலும் பெருவிலும் கீனுவா என்ற தானியத்தின் வகைகளுக்கு ஒரு முறையை முயன்று பார்த்தார்கள்: அழியும் நிலையில் உள்ள வகையை இவ்வளவு நிலத்தில் பயிரிட எங்களுக்கு இன்னது வேண்டும் என்று கிராமக் குழுக்களே கேட்பு வைக்கும், தேர்வானால் கருவியாகவோ கட்டுமானப் பொருளாகவோ வாங்கிக்கொள்ளும். ஆலோசகர் கட்டணம், விமான டிக்கெட் எதுவும் நடுவில் நின்று தின்னாத வழி இது. இதில் குறை இருக்கும், திருத்திக்கொள்ளலாம்.

கடைசியாக, விதை திரும்பி வருவது. பெருவின் கூஸ்கோவுக்குப் பக்கத்தில் கெச்சுவா மக்கள் நடத்தும் உருளைக்கிழங்குப் பூங்காவுடன், லீமாவில் உள்ள பன்னாட்டு உருளைக்கிழங்கு மையம் 2004இல் ஒப்பந்தம் போட்டு, அந்த மலைகளிலிருந்து எப்போதோ எடுத்துப் போன வகைகளை, நோய் நீக்கி, அவர்களிடமே திருப்பிக் கொடுத்தது. அவர்கள் இப்போது சூடு ஏற ஏற மலையில் எந்த வகை எவ்வளவு உயரத்தில் பிழைக்கிறது என்று நட்டு நட்டுப் பார்க்கிறார்கள். இது ஒரு மையத்தின் பெருந்தன்மையாக நின்றுவிடாமல், எல்லா வங்கிக்கும் கடமையாக வேண்டும். எங்கிருந்து எடுத்ததோ அந்த ஊர்க்காரர் கேட்டால், விதைக்கத்தான் கேட்கிறேன் என்று சொன்னால், நூறு விதையாவது கொடுக்க வேண்டும். நூறு போதும், பெருக்குவது எங்கள் பாடு. அறுவடையில் உங்கள் வங்கிக்கும் ஒரு பங்கு புது விதை அனுப்புவோம். முளைப்புத்திறன் ஆரம்பத்தில் இருந்ததில் 85 சதவீதத்துக்குக் கீழே போனால் புதுப்பிக்க வேண்டும் என்று எஃப்.ஏ.ஓ.வின் மரபணு வங்கித் தரநிலையே சொல்கிறது, அதற்கு ஆளும் நிலமும் இல்லாமல் வங்கிகள் திண்டாடுவது எங்களுக்கும் தெரியும்.

உங்கள் கூட்டங்களில் விவசாயிகள் பார்வையாளர் வரிசையில் உட்காருகிறார்கள். அதைப் பற்றியும் எழுத நிறைய இருக்கிறது, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

என் விண்ணப்பம் இன்னும் மேசை மேல்தான் இருக்கிறது. ‘நிறுவனத்தின் பெயர்’ என்ற கட்டத்தில் என்ன எழுதலாம் என்று நீங்கள் சொன்னால் எழுதி அனுப்பிவிடுவேன். விதைப்புக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, அதற்குள் சொன்னால் நல்லது.

இப்படிக்கு,
விதை சேர்க்கும் ஒருவன்